தூண்டில் ஈயக்குண்டுகளுக்கு வீட்டிலேயே பூச்சு: 38 குண்டுகளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அண்ணனின் தூண்டில் பெட்டி திறந்து கிடந்ததையும், மூன்று வயது மகள் அதிலிருந்து எடுத்த ஈயக்குண்டு ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்ததையும் அண்ணி கண்ட நாளில் இந்த நிகழ்வு தொடங்குகிறது. குண்டு பெரியது என்பதால் குழந்தையால் விழுங்க முடியவில்லை. அன்று மாலையே அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவும் பார்க்கப்பட்டது. அந்த முடிவு அந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதால் இங்கே எழுதவில்லை. அதன் பின் அண்ணன் செய்த ஒரு வேலையைப் பற்றியும், ஐந்து மாதங்கள் கழித்து அந்த வேலை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பற்றியும் அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

அண்ணன் செய்த வேலை, தம்மிடம் இருந்த 38 குண்டுகளுக்கும் பூச்சுப் பூசியது. ஈயம் கையில் படாவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ஈயம் கையில் படாமல் தடுக்கச் செய்த வேலையிலேயே வீட்டுக்குள் முன்பிருந்ததைவிட அதிக ஈயம் பரவியது. பல ஆண்டுகள் உலோகப் பூச்சுப் பட்டறையில் வேலை செய்தவன் நான். அவர் பூசிய சமயத்தில் நான் அருகில் இருந்திருந்தால் பாதித் தவறுகளைத் தடுத்திருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பாத்திரங்களுக்குப் பூசுவது வெள்ளீயம். இங்கே பேசப்படுவது காரீயம். காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், உருகுநிலை 327.5 டிகிரி செல்சியஸ். கனமாகவும் எளிதில் உருகுவதாகவும் இருப்பதால்தான் மீன்பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை வீட்டு அடுப்பிலேயே உருக்கி அச்சில் வார்த்து வந்திருக்கிறார்கள். உலோக ஈயம் தோல் வழியாக உடலுக்குள் அநேகமாகப் போவதில்லை. கையில் ஒட்டிய ஈயப்பொடி வாய்க்குப் போவதும், மிதக்கும் தூசியை மூச்சில் இழுப்பதுமே அதன் வழிகள். உட்சென்ற ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் அது ஏற்பதில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் இரத்தத்துக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு, 2021 முதல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத பொடியே அதற்குப் போதும் என்பதால், இந்த ஆய்வில் குண்டைவிடப் பொடியையே அதிகம் பின்தொடர்ந்தேன்.

முதல் பூச்சு

38 குண்டுகளில் 20 கடையில் வாங்கியவை. மீதி 18 சில ஆண்டுகளுக்கு முன் அண்ணன் பழைய ஈயத்துண்டுகளை உருக்கி வார்த்தவை. எடை 28 கிராமிலிருந்து 170 கிராம் வரை. எல்லாவற்றிலும் எஃகுக் கம்பியாலான வளையம் பதிக்கப்பட்டிருந்தது. கடல் நீரில் பயன்பட்டு ஈரத்தோடு பெட்டியில் கிடந்ததால் பெரும்பாலானவற்றின் மேல் வெண்பொடி படிந்திருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து ஈயத்தின் மேல் உண்டாக்கும் கார ஈயக் கார்பனேட் அது. புதிதாக வெட்டிய ஈயம் பளபளப்பாக இருந்து சில நாட்களில் சாம்பல் நிறமாவது வேறு; அந்தச் சாம்பல் படலம் உலோகத்தோடு இறுகியிருக்கும், கையில் அவ்வளவாக ஒட்டாது. இந்த வெண்பொடியோ தொட்டாலே ஒட்டிக்கொள்வது.

பூசுவதற்கு முன் வெண்பொடியை அகற்ற வேண்டும் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக எல்லாக் குண்டுகளையும் ஒரு வாளி வினிகரில் இரவு முழுவதும் ஊறவைத்தார். காலையில் அவை வெள்ளியைப் போல மின்னின. வினிகரை முற்றத்து மண்ணில் ஊற்றிவிட்டு, குண்டுகளைத் துணியால் துடைத்து, மீந்திருந்த கறைகளைச் சாப்பாட்டு மேசையின் மேல் செய்தித்தாள் விரித்து உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தார். தேய்த்து முடித்த பின் அண்ணி துடைப்பத்தால் பெருக்கினார்.

பிறகு அவற்றை மூன்று பங்காகப் பிரித்தார். 14 குண்டுகளுக்குக் குப்பியிலிருந்து பீய்ச்சும் எனாமல் வர்ணம். 12 குண்டுகளுக்குப் பவுடர் கோட்டிங். அதாவது குண்டை ஓவனில் சூடாக்கி, பாலியஸ்டர் பவுடரில் ஒரு நொடி அமிழ்த்தி, மறுபடி ஓவனில் தொங்கவிட்டு 180 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்தார். மீதி 12 குண்டுகளைக் கருவிகளின் கைப்பிடிக்குப் பூசுகிற, காய்ந்தால் ரப்பரைப் போலாகும் திரவ பிளாஸ்டிக்கில் இருமுறை தோய்த்தார். பவுடர் பூசிய குண்டுகளில் வளையத்தின் அடியில் இடுக்கி பிடித்த இடம் பூச்சில்லாமல் நின்றதால், அங்கே மட்டும் குளியலறை மூட்டுகளை அடைக்கும் சிலிக்கோனைத் தடவி மூடினார்.

ஓவனுக்குள்ளேயே இரண்டு குண்டுகள் கெட்டன. அவை உருவம் சரிந்து, அடியில் திரண்டு, தட்டில் சொட்டியிருந்தன. ஈயத்தின் உருகுநிலை 327 டிகிரியாயிற்றே, 180 டிகிரியில் எப்படி உருகும் என்று அண்ணன் குழம்பி, ஓவனின் வெப்பநிலை முள் பழுது என்று முடிவு செய்தார். மீந்த 36 குண்டுகளும் பயன்பாட்டுக்குப் போயின. ஐந்து மாதங்களில் 7 குண்டுகள் பாறையிடுக்குகளில் சிக்கித் தொலைந்தன: எனாமலில் 3, பவுடரில் 2, தோய்த்தவற்றில் 2. ஆக, என் கைக்கு வந்தவை 29 குண்டுகள், சரிந்துபோன அந்த இரண்டு, தூண்டில் பெட்டி, ஓவன் தட்டு ஆகியவை.

பார்த்தவை

முதலில் எதையும் கழுவாமல், ரோடிசோனேட் சாயம் ஊறிய சோதனைப் பஞ்சால் ஒவ்வொரு குண்டையும் துடைத்தேன். ஈயம் பட்டால் அதன் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறும். (சிவப்பு வர்ணம் பூசிய பொருளில் இந்தச் சோதனை குழப்பும், அண்ணன் மஞ்சளும் பச்சையும் பூசியிருந்தது உதவியாக இருந்தது.) 29 குண்டுகளிலும் பஞ்சு சிவந்தது. பூச்சில் ஒரு கீறலும் இல்லாத குண்டுகளும் சிவப்பைக் காட்டின.

அது எனக்குப் புதிராக இருந்தது. பெட்டியைத் துடைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பெட்டியின் ஒவ்வொரு அறையிலும், மூடியின் உட்புறத்திலும், தூண்டில் முள் வைக்கும் சிறு டப்பாக்களிலும், கைப்பிடியிலும் பஞ்சு சிவந்தது. பல ஆண்டுகளாக வெறும் ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று உரசி உதிர்த்த பொடி அந்தப் பெட்டியில் நிறைந்திருந்தது. புதிதாகப் பூசிய குண்டுகளை அதே பெட்டியில் போட்டதால், முதல் நாளே அவற்றின் மேல் பழைய பொடி ஏறிவிட்டது. குண்டுகளைச் சோப்பு நீரில் கழுவி மறுபடி சோதித்தபோது, பூச்சு முழுமையாக இருந்தவற்றில் பஞ்சு நிறம் மாறவில்லை. இந்த முழு ஆய்விலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதையே: குண்டுக்குப் பூச்சுப் போடுகிறவர் பெட்டியை மாற்றாவிட்டால், பூசியதன் பயன் அந்தப் பெட்டியிலேயே தொலைந்துவிடும்.

எனாமல் பூசிய 11 குண்டுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மூக்கிலும் விளிம்புகளிலும் வர்ணம் செதில் செதிலாகப் போயிருந்தது. 9 குண்டுகளில் வெற்று உலோகம் அகலமாகத் தெரிந்தது. எனாமல் மட்டமானது என்று சொல்வதற்கில்லை; இரும்பின் மேல் அதே வர்ணம் நன்றாக நிற்கும். ஈயம் அவ்வளவு மென்மையானது என்பதால்தான் இங்கே நிற்கவில்லை. மோஸ் அளவுகோலில் ஈயத்தின் கடினம் 1.5, விரல் நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5. நகத்தாலேயே ஈயத்தில் கீறல் போடலாம் என்றால், பாறையில் விழும் குண்டு எத்தனை முறை நசுங்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடியிலுள்ள உலோகம் நசுங்கும்போது மேலிருக்கும் கடினமான மெல்லிய படலத்தால் அதோடு வளைய முடியாது. உள்ளே குழிந்த முட்டையின் ஓடு போல நொறுங்கும். எனவே ஈயத்துக்குப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது கடினத்தைவிட நெகிழ்வையே முதலில் பார்க்க வேண்டும்.

தோய்த்த பிளாஸ்டிக் அந்த நெகிழ்வை உடையது. 10 குண்டுகளில் 6 முழுமையாக இருந்தன. கிழிந்திருந்த 4 குண்டுகள் பூசாத குண்டுகளைவிட மோசமாக இருந்தன என்பேன். இந்தப் பூச்சு உலோகத்தோடு ஒட்டுவதில்லை. கால் உறையைப் போலச் சுற்றி இறுக்கிக்கொண்டு நிற்கிறது. அதில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் கடல் நீர் உள்ளே போய், வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. கிழிந்த உறை ஒன்றை நீருக்கடியில் வைத்து அறுத்தபோது, உள்ளே தயிர்ப் பதத்தில் வெண்களிம்பு நிறைந்திருந்தது. முடிச்சுப் போடும்போது விரலால் அழுத்தினால் அந்தக் களிம்பு ஓட்டை வழியாக விரலுக்கு வந்திருக்கும். வெற்றுக் குண்டானால் பொடி கண்ணுக்குத் தெரியும், எச்சரிக்கையாக இருக்கலாம். இங்கே அது மறைந்திருந்தது.

பவுடர் பூசிய 8 குண்டுகளிடம் அதிக நேரம் செலவிட்டேன். அவற்றில் 3 குண்டுகளின் மேல் கடுகு அளவுக் கொப்புளங்கள் இருந்தன. மூன்றுமே வீட்டில் வார்த்தவை. வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்று, பூச்சு வேகும் சூட்டில் விரிந்து, இளகிய பவுடரைத் தூக்கிய அடையாளம் அது. பட்டறையில் வார்ப்புப் பொருட்களுக்கு இதைத் தவிர்க்க, பூசுவதற்கு முன்பே பூச்சு வேகும் வெப்பநிலையைவிடச் சற்று அதிகச் சூட்டில் பொருளை வைத்து, வெளியேற வேண்டிய காற்றை முதலிலேயே வெளியேற்றுவார்கள். கொப்புளமில்லாத 5 குண்டுகளின் உடற்பகுதி நன்றாக இருந்தது. பாறையில் பட்ட இடங்களில் பள்ளம் விழுந்திருந்தும் படலம் விடாமல் பள்ளத்தோடு வளைந்திருந்தது. 28 கிராம் குண்டு ஒன்றில் மட்டும் படலம் மெலிந்து சொரசொரப்பாக இருந்தது. ஈயம் வெப்பத்தை அதிகம் சேமிப்பதில்லை. 100 கிராம் ஈயம் 180 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிரும்போது விடுவது ஏறத்தாழ 1.9 கிலோஜூல்; அதே எடை அலுமினியமானால் 13 கிலோஜூலுக்கு மேல். சிறு குண்டு ஓவனிலிருந்து பவுடர்க் கிண்ணத்துக்கு வரும் சில நொடிகளுக்குள்ளேயே பவுடரை உருக்கும் சூட்டை இழந்துவிடுகிறது.

ஆனால் 8 குண்டுகளிலும் வளையத்தின் அடியில், சிலிக்கோன் தடவிய இடத்தில், வெண்பொடி பொங்கி நின்றது. சிலிக்கோனை உரித்தால் அடியில் ஈயம் அரித்துக் குழிந்திருந்தது. உடற்பகுதி இவ்வளவு நன்றாக இருக்கையில் கழுத்து மட்டும் ஏன் இப்படியானது? இரண்டு காரணங்கள் அங்கே சேர்ந்திருந்தன. கடல் நீரில் எஃகுக் கம்பியும் ஈயமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒரு சிறு மின்கலம். துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் அரிபடுவது ஈயமே. குண்டின் மற்ற பகுதியெல்லாம் பூச்சால் மூடியிருப்பதால் அந்த அரிப்பு முழுவதும் பவுடர் மூடாத அந்த ஓர் இடத்தில் குவிகிறது. மற்றது சிலிக்கோன். காயும்போது வினிகரின் புளித்த வாடை வீசும் சிலிக்கோன் உண்மையிலேயே அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுத்தான் காய்கிறது. ஈயத்துக்கு அதைவிடப் பொருந்தாத அடைப்பான் வேறில்லை.

இந்த இடத்தில் கதை வினிகர் வாளிக்குத் திரும்புகிறது. ஈயம் காற்றின் முன்னிலையில் அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்தால் ஈய அசிட்டேட் உண்டாகிறது. நீரில் எளிதில் கரைவதும், இனிப்புச் சுவையுடையதும், நஞ்சுமான உப்பு அது. அது ஈரமும் கரியமில வாயுவும் பட்டு வெண்ணிறக் கார்பனேட்டாக மாறும்போது அசிட்டிக் அமிலம் மறுபடி விடுபட்டு, அடுத்த ஈய அடுக்கைத் தாக்குகிறது. சிறிதளவு அமிலம் இருந்தாலே இந்தச் சுற்று நெடுங்காலம் ஓடும். முற்காலத்தில் ஈயத் தகடுகளை வினிகர் ஆவியில் வைத்து வெள்ளை வர்ணப்பொடி தயாரித்ததும், அருங்காட்சியகங்களில் ஓக் மர அலமாரியில் வைத்த ஈயப் பொருட்கள் மரம் விடும் அமில ஆவியால் வெளுத்துப் பொடிவதும் இதே வேதிவினையால்தான். வினிகரில் ஊறிய குண்டுகளை அண்ணன் நீரில் அலசவில்லை, துடைத்ததோடு சரி. ஆக, எனாமல் பூசியவற்றில் செதில்களின் அடிப்புறத்தில் நான் கண்ட வெண்படலத்துக்கும் அந்த வாளியே காரணம் என்று கருதுகிறேன். கண்ணுக்கு மின்னிய உலோகம் பூச்சுக்குத் தகுந்த உலோகமாக இருக்கவில்லை.

சரிந்துபோன இரண்டு குண்டுகளின் விஷயம் சுருக்கமானது. ஓவனின் முள் சரியாகவே இருந்தது. தனி வெப்பமானி வைத்துப் பார்த்ததில் சுற்று வெப்பநிலை 170க்கும் 190க்கும் இடையில் ஏறி இறங்கியது. அண்ணன் உருக்கிய பழைய ஈயத்தில் பற்றவைப்புக்குப் பயன்படும் ஈய-வெள்ளீயக் கலவை கலந்திருந்தது. எந்தத் துண்டுகளை உருக்கினார் என்று கேட்டபோது அதை அவரே நினைவுகூர்ந்தார். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையில் ஒரு பகுதி 183 டிகிரியிலேயே உருகும். பூச்சு வேகவேண்டிய வெப்பநிலைக்கு அது மிக நெருக்கம்.

மேசை, மண், ஓவன்

குண்டுகளைப் பார்த்து முடித்தபின் வீட்டைப் பார்த்தேன். ஐந்து மாதங்கள் கடந்திருந்தும் சாப்பாட்டு மேசையின் விளிம்பிடுக்கிலும், மேசைக்கு அடியில் தரையின் மூலையிலும் பஞ்சு சிவந்தது. உலர்வாகத் தேய்த்ததும், அதைத் துடைப்பத்தால் பெருக்கியதும் பொடியை அறை முழுவதும் எழுப்பியிருக்கும். அண்ணிக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆயினும் சொன்னேன். குழந்தைக்காகச் செய்த வேலை, குழந்தை தவழ்ந்து விளையாடும் தரையில் போய் முடிந்திருந்தது. அன்றே அந்த அறையைச் சோப்பு நீர்த் துணியால் மூன்று முறை துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றி, துணிகளையும் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். மருத்துவரிடமும் மறுபடி சென்று நடந்ததை முழுமையாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன், சென்றார்கள்.

வினிகரை ஊற்றிய இடத்தின் மேல்மண்ணைத் தோண்டி எடுத்து, ஆபத்தான கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைத்தோம். ஈயம் மண்ணில் சிதைவதில்லை, மேல்மட்டத்திலேயே தங்கிவிடும். ஓவன் தட்டில் சொட்டியிருந்த உலோகத்தைச் சுற்றிப் பஞ்சு நன்றாகச் சிவந்ததால், அந்த ஓவன் சமையலுக்கு இனி இல்லை என்று முடிவாயிற்று. அதுவே பின்னர் மறுபூச்சுக்குரிய ஓவனாகக் கொட்டகைக்குப் போனது.

மறுபூச்சு

பூசாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தோம். முழுமையாக இருந்த தோய்ப்புக் குண்டுகள் 6, கொப்புளமில்லாத 5 பவுடர் குண்டுகளின் உடற்பகுதி ஆகியவை, கழுவிய பின் கையில் ஈயத்தை விடவில்லை என்பது தெளிவாக இருந்ததால், சரியாகச் செய்தால் பூச்சு தன் வேலையைச் செய்யும் என்று முடிவு செய்தேன். அண்ணன் வார்த்த குண்டுகளை முழுமையாக ஒதுக்கிவிட்டு, கடையில் வாங்கியவற்றுள் மீந்திருந்த 15 குண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழைய பூச்சை எரித்து நீக்கவோ தேய்த்து நீக்கவோ விடவில்லை. எனாமலும் பவுடரும் வர்ணம் நீக்கும் களிம்பில் ஊறியபின் உரிந்தன. பிளாஸ்டிக் உறையைச் சோப்பு நீருக்கடியில் வைத்தே அறுத்தோம். ஒதுக்கியவற்றை உருக்கி மறுபடி வார்க்கலாமே என்றார் அண்ணன். பூச்சு படிந்த ஈயத்தை உருக்கும் பானையில் போட்டால் பூச்சு எரிந்து நச்சுப் புகை எழும். பிளாஸ்டிக் உறையில் பிவிசி இருந்தால் அது எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் வரும். அவற்றை மண்ணோடு சேர்த்தே ஒப்படைத்தோம்.

சுத்தம் செய்வதை முழுக்க நீருக்கடியில் வைத்துக்கொண்டோம். வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், பிளாஸ்டிக் நார்த் தூரிகை. கையுறையோடு, பொடி ஒருபோதும் உலராதபடி. பிறகு மூன்று நீரில் அலசி, உலர்த்தி, அசிட்டோன் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அசிட்டோன் முழுவதும் ஆவியான பின் அன்றைக்கே பூசினோம். உலோகம் மின்னவில்லை, சாம்பல் நிறத்திலேயே இருந்தது. அண்ணனுக்கு அது மனநிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இறுகிய சாம்பல் படலத்தின் மேல் பவுடர் நன்றாகவே பிடிக்கும். கழுவிய நீரை மூடிய வாளியில் இரண்டு நாள் தெளியவிட்டு, அடியில் படிந்த சகதியைத் தனியே சேர்த்தோம்.

ஒரு குண்டை முதலில் வெறுமனே 200 டிகிரியில் அரை மணி நேரம் தொங்கவிட்டோம். உருவம் மாறாமல் நின்றதால் மற்றவற்றையும் அவ்வாறே காற்று நீங்கச் சூடாக்கினோம். (200 டிகிரியிலும் ஈயம் உருகாதென்றாலும் மிக இளகிய நிலையில் இருக்கும், கழுத்து மெலிந்த கனமான குண்டுகளை நெடுநேரம் தொங்கவிட்டால் நீண்டுவிடக்கூடும்.) இடுக்கியை விட்டுவிட்டு, வளையத்தின் உச்சியில் மெல்லிய கம்பியைக் கோத்துத் தூக்கினோம். அதனால் குண்டை வளையத்தின் பாதி வரை பவுடரில் அமிழ்த்த முடிந்தது. ஈயமும் எஃகும் சேரும் கழுத்து முழுவதும் ஒரே படலத்தால் மூடியது. இந்த ஒரு மாற்றத்தாலேயே சிலிக்கோனுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. சிறு குண்டுகளுக்கு ஓவனின் பக்கத்திலேயே பவுடர்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டோம். ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல், மெல்லிய இரு படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றையும் பவுடரின் உறையில் குறித்திருந்தபடி வேகவைத்தோம். பவுடர் தூசியும் மூச்சுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் அணிந்து, கதவைத் திறந்து வைத்து, குழந்தை அந்தப் பக்கமே வராதபடி பார்த்துக்கொண்டோம்.

படலம் போதிய தடிமனில் இருக்கிறதா என்று வீட்டில் அறிய ஓர் எளிய வழி நகைத்தராசு. 100 கிராம் ஈயம் உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 0.1 மில்லிமீட்டர் பவுடர்ப் படலம் 0.3 கிராம் வரை எடை சேர்க்கும். நீண்ட வடிவக் குண்டுக்குச் சற்றுக் கூடும். இதன்படி எடை போட்டதில் இரண்டு குண்டுகள் குறைவாக இருக்கவே, அவற்றை மறுபடி பூசினோம்.

பழைய பெட்டிக்குப் பதில் புதிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, ஒவ்வொரு குண்டும் தனி அறையில் நிற்கும்படி வைத்தோம். மரப்பெட்டி வேண்டாம் என்றேன். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். பெட்டி இப்போது பூட்டோடு உயரத்தில் இருக்கிறது. மீன்பிடித்துத் திரும்பினால் குண்டுகளை நல்ல நீரில் அலசி, உலர்ந்தபின் உள்ளே வைப்பது, பிறகு கை கழுவுவது, படலம் விட்ட குண்டை அன்றே ஒதுக்குவது என்பவை அண்ணனின் பழக்கமாகிவிட்டன. பிளவுள்ள சிறு ஈயமணிகளைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டார்; அந்த மணிகளுக்கு எந்தப் பூச்சும் உதவாது, இறுக்கும்போதே பிளந்துவிடும்.

பூச்சால் தீராதது

இந்தப் பூச்சு கையையும் பெட்டியையும் காக்கும், நீர்ப்பறவைகளைக் காக்காது. அவை இரையை அரைப்பதற்காகக் கூழாங்கற்களை விழுங்கித் தசைப்பையில் வைத்துக்கொள்ளும் இயல்புடையவை; தொலைந்த சிறு குண்டுகளையும் அப்படியே விழுங்கிவிடுகின்றன. கல்லையும் குண்டையும் சேர்த்து அரைக்கும் அந்தப் பையில் 0.1 மில்லிமீட்டர் படலம் நிற்காது. அதன் பின் அமிலத்தில் ஈயம் கரைகிறது. அன்னப்பறவைகள் இவ்வாறு இறந்ததைக் கண்டு, பிரிட்டன் 1987இல் 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. எனவே 28 கிராம் வரையிலான சிறு குண்டுகளைப் பூசுவதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றை மாற்றிவிட வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, பிஸ்மத்தின் அடர்த்தி 9.78, எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 7.85, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. டங்ஸ்டனை வீட்டில் வார்க்க முடியாது, விலையும் அதிகம். பிஸ்மத்தும் வெள்ளீயமும் ஈயத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகுபவை. எஃகும் வெள்ளீயமும் ஒரே எடைக்குப் பருத்துத் தெரியும், நீரோட்டத்தில் சற்று அதிகம் இழுபடும். அண்ணன் தம் சிறு குண்டுகளை வெள்ளீயத்துக்கும், நடுத்தரக் குண்டுகள் சிலவற்றை எஃகுக்கும் மாற்றினார். பூசிய 15 குண்டுகளில் 60 கிராமுக்கு மேற்பட்ட 11 மட்டும் தூண்டிலில் இருக்கின்றன. மீந்த 4 குண்டுகளும் கழிவாக ஒப்படைக்கப்பட்டன.

மறுபூச்சுக்கு நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்தேன். 11 குண்டுகளில் 2 தொலைந்திருந்தன. 9 குண்டுகளில் 8 குண்டுகளின் கழுத்தில் வெண்பொடி இல்லை. கழுவாமலே துடைத்தபோதும் பஞ்சு மஞ்சளாகவே இருந்தது. ஒன்பதாவது குண்டின் மூக்கில் பாறை பட்டு அரை சென்டிமீட்டர் அளவுக்குப் படலம் போய், அந்த இடத்தில் பஞ்சு சிவந்தது. அந்தக் குண்டை அண்ணன் எனக்கு முன்பே பார்த்து, தனிப் பையில் போட்டு முடிந்து வைத்திருந்தார். பெட்டியின் அறைகளில் அந்தக் குண்டு இருந்த ஓர் அறையைத் தவிர வேறெங்கும் நிறம் மாறவில்லை. மேசையிலும் தரை மூலையிலும் மாறவில்லை.